ரகசியத்தின் முதல் எழுத்து

பாம்பனில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்குத் திறந்தால் பத்தரை வரை கூட்டம் இருக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள், காய்ச்சல்காரர்கள், மாசமாக இருக்கிற பெண்கள். அப்புறம் மெஷின்தான் ஓடிக்கொண்டிருக்கும். மத்தியானம் ஆளே வராது. அப்படி ஒரு மத்தியானத்தில் செல்போனில் எதையோ தேடப் போய் ஒரு குறுக்கெழுத்துப் புதிரைப் பார்த்தேன். வாரப் பத்திரிகையில் வருகிற மாதிரி பொது அறிவுக் கேள்வி இல்லை. 'பாம்பு போட்ட சத்தம் (4)' என்று இருந்தது. விடைக்கு நான்கு எழுத்து.

'சீற்றம்' என்று போட்டேன். குறுக்கே ஓடுகிற சொல்லோடு ஒட்டவில்லை. ரெண்டு நாள் அது என்னை விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு பெரியவர் கையில் ஊசி குத்தி, ட்யூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விடை வந்தது. அரவம். பாம்புக்கும் அரவம் என்று பேர், சத்தத்துக்கும் அரவம் என்று பேர். பாம்பு சத்தமே போடவில்லை. ரெண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் நின்று என்னிடம் கதை விட்டிருக்கின்றன. நான் சத்தமாகச் சிரித்ததில் பெரியவர் பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டேன். இந்தப் புதிர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். மேலே தெரிகிற அர்த்தத்தை நம்பக் கூடாது. வாக்கியம் ஒரு கதை சொல்லும், அதைக் காதில் வாங்காமல் சொல்லைச் சொல்லாகப் பார்க்க வேண்டும். கொஞ்ச நாளில் நானே புதிர் போட ஆரம்பித்தேன். ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போடுவேன். வாட்ஸப்பில் ஒரு குழு சேர்ந்தது. சிங்கப்பூரில் இருப்பவர்கள், கனடாவில் இருப்பவர்கள், மதுரைப் பக்கத்து வாத்தியார்கள் என்று ஐம்பது அறுபது பேர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதிரை அனுப்புவேன்.

அந்தக் குழுவில் ஒருவன் தன் முகத்துக்குப் பதிலாக நங்கூரம் படம் வைத்திருந்தான். எப்போதும் முதல் விடை அவனிடமிருந்துதான் வரும். விடையை மட்டும் அனுப்ப மாட்டான், ஒவ்வொரு குறிப்பையும் எப்படிப் பிரித்தான் என்றும் எழுதுவான். ஒரு வாரம் 'கரை தொடங்கியதும் வலை, மிஞ்சியது வருத்தம்தான் (3)' என்று போட்டிருந்தேன். கரையின் தொடக்கம் க, அதோடு வலை, கவலை. எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். அவன் மட்டும், 'அக்கா, கவலைன்னு ஒரு மீனும் இருக்கு. அப்ப இந்த வலையில மீனும் விழுந்திருக்கு' என்று எழுதினான். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. தங்கச்சிமடத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், கவலை மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறவள், நான் போட்ட குறிப்பில் நானே பார்க்காத மீனை அவன் பார்த்துவிட்டான்.

ஒரு நாள் காய்ச்சல் என்று ஒரு ஆள் வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ் ஏறியிருந்தது. படகு இன்ஜின் மெக்கானிக், கடற்கரையில் சொந்தமாகப் பட்டறை. ரத்தம் கொடுத்துவிட்டு, மேசையில் கிடந்த தாளையே பார்த்தான்.

"அக்கா, இந்தக் கட்டம்... நீங்கதானா அது?"

நங்கூரம் ரெண்டு கிலோமீட்டருக்குள்ளேயே இருந்திருக்கிறது. காய்ச்சலோடு அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போனான். புதிர் ஏன் பிடித்தது என்று கேட்டேன்.

"இன்ஜின் மாதிரிதான்க்கா. பிரிச்சுப் போட்டா ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை இருக்கும். வேலையில்லாத சாமான்னு ஒண்ணு உள்ள இருக்கவே இருக்காது. உங்க குறிப்பும் அப்படித்தான்."

எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். ஆவணி மாதமாக இருக்கலாம், ஒரு திங்கட்கிழமை வந்து கதவோரம் நின்றான்.

"அக்கா, யாரை வராதேங்கிறீக?"

எனக்குப் புரியவில்லை. அந்த வாரத்துப் புதிரை நீட்டினான். இடப்பக்கத்து ஓரத்தில் விடைகளின் முதல் எழுத்துகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். மேலிருந்து கீழே படித்தால் வ, ரா, தே. வராதே.

"நான் வேணும்னு வைக்கல தம்பி. தானா அமைஞ்சது" என்றேன்.

"சனிக்கிழமை ஒரு விசைப்படகுல வெள்ளோட்டம் பாக்கக் கூப்பிட்டிருந்தாக. இதைப் பாத்துட்டு நான் போகல. அந்தப் படகு நடுக்கடல்ல ஷாஃப்ட் உடைஞ்சு ஒரு பகல் பூரா நின்னுபோச்சு."

"அது தற்செயல்."

"கட்டத்துக்குள்ள தற்செயல்னு ஒண்ணு உண்டாக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அவன் போன பிறகு, பழைய புதிர்களை எடுத்து ஓர எழுத்துகளை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ரெண்டு வாரம் கழித்து, விளையாட்டுக்காக, அவன் ஒருவன் மட்டும் பார்க்கட்டும் என்று, ஓரத்து எழுத்துகளில் 'நலமா' என்று நானே வைத்தேன். ந, ல, மா. அந்த 'ல'வுக்காக லகானில் தொடங்கிச் சொல் சொல்லாகத் தேடிக் கஷ்டப்பட்டேன். புதிர் போன கால் மணி நேரத்தில் தனியாக எனக்கு ஒரு செய்தி வந்தது. 'நலந்தான்க்கா.'

அன்று முழுக்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உலகத்தில் ஒரு ஆளாவது நான் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கிறான். நான் செய்த காரியம் என்னவென்று தெரிய ரெண்டு மாசம் ஆனது. அந்த ஒரு சொல்லை வைத்த நாளிலிருந்து, 'தற்செயல்' என்று நான் சொல்வதை நம்ப அவனுக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது.

அவன் எழுதும் விளக்கங்கள் நீண்டுகொண்டே போயின. முதலில் ஒரு பக்கம், அப்புறம் நான்கு பக்கம். குறுக்காக, மூலைக்கு மூலையாக, ஒன்று விட்டு ஒன்றாக எழுத்துகளைப் படித்து அனுப்புவான். படகுகளின் பதிவு எண்ணையும், கடலுக்குப் போகக் கொடுக்கும் டோக்கன் எண்ணையும் கட்டத்தில் எழுதிப் பார்த்ததாக ஒருமுறை எழுதினான். குழுவில் இருந்தவர்கள் கைதட்டுகிற படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஐப்பசியில் ஒரு காலையில் அவனுடைய மனைவி வந்தாள். அவன் மனைவி என்று படிவத்தில் கணவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதும்போதுதான் தெரிந்தது. நண்டு கம்பெனியில் நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. விரலெல்லாம் கீறல். நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம், கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்தவள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்ட் மூலம் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். மதுரைக்கு மெடிக்கலுக்குப் போவதற்கு முன்னால் இங்கேயே ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

ஊசியை எடுத்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டு, "அக்கா, அவுககிட்ட சொல்லிறாதீக" என்றாள். "உங்களைப் பத்தி நெறையச் சொல்லுவாக. நானே நேரம் பாத்துச் சொல்றேன். இப்ப அவுக சரியில்ல. தூங்குறதே இல்ல. எந்நேரமும் பேப்பரும் பேனாவுமா இருக்காக."

"சொல்ல மாட்டேன்மா" என்றேன். எங்கள் வேலையில் அது முதல் சத்தியம். ஒருவர் ரத்தத்தில் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. பதினான்கு வருஷத்தில் சொன்னதில்லை. தூங்குவதில்லை என்று அவள் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்தப் பேப்பர் என்னுடைய பேப்பர் என்று தெரிந்தும், அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் அந்த வாரத்துப் புதிரைப் போட்டேன். மூலையில் ரெண்டு எழுத்துச் சொல் தேவைப்பட்டது. 'வி' என்று தொடங்க வேண்டும். விசா என்று போட்டேன். சாவியைத் திருப்பினால் விசா. 'திரும்பிய சாவி வெளிநாட்டுக் கதவைத் திறக்கும் (2)' என்று குறிப்பு எழுதினேன். நடுவில் மரணம் என்ற சொல் விழுந்தது. மணம் என்ற சொல்லுக்குள் ஒரு 'ர'வை நுழைத்தால் மரணம். 'மணத்துக்குள் ரகசியம் தொடங்கினால் முடிவுதான் (4)' என்று எழுதினேன். ரகசியத்தின் தொடக்கம், அதாவது அதன் முதல் எழுத்து, ர. எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். அவ்வளவு கச்சிதமாக ஒரு குறிப்பு அமைவது வருஷத்துக்கு ஒன்றோ ரெண்டோதான்.

அந்தப் பெண்ணை நினைத்து எழுதினேனா என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நினைக்கவில்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் சொல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? முந்தின நாள் என் கையால் விசா என்று படிவத்தில் எழுதியிருக்கிறேன். ரகசியம் காப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் புதிர் போனது. பத்து மணி ஆகியும் நங்கூரத்திடமிருந்து விடை வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு உட்கார்ந்திருந்தபோதும் ரெண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை, கூட்டம் கலைந்த நேரத்தில் அவனே வந்தான். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கண் மட்டும் ரெண்டு புண் மாதிரி இருந்தது.

"அக்கா, ரகசியம் யாருது?"

"எந்த ரகசியம்?"

"மணத்துக்குள்ள வச்சீகளே."

"அது 'ர' என்கிற எழுத்துக்காகப் போட்டது தம்பி. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்க்கா. 'ர'வுக்கு ரத்தம் போட்டிருக்கலாம். ரயில் போட்டிருக்கலாம். ரசம் போட்டிருக்கலாம். ஏன் ரகசியம் போட்டீக?"

வெளியே பாலத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது. அது ஓய்கிறவரைக்கும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாவியைத் திருப்பச் சொன்னீக. வீட்டுல இருக்குற பெட்டி, பீரோ எல்லாத்தையும் திறந்து பாத்தேன். அரிசி டிரம்முக்குள்ள பாஸ்போர்ட் இருந்துச்சு. நீங்க சொன்னது சரிதான்."

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல."

"அவளை நான் ஒண்ணும் கேக்கல. எடுத்த இடத்துலயே வச்சுட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். முடிவுதான்னு போட்டிருக்கீகளே, யாருக்கு முடிவு?"

குரலில் கோபமே இல்லை. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிற மாதிரி கேட்டான். 'யாருக்கும் இல்லை, அது வெறும் விளையாட்டு, போய்த் தூங்கு' என்று ஏதேதோ சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவன் நம்பவில்லை என்று அவன் நடையில் தெரிந்தது.

அவன் மனைவிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பின்னால் நண்டு ஓட்டைக் குவிக்கிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சும் ஒண்ணுமே கேக்கலையேக்கா" என்றாள். "நேத்து எனக்குத் தலைக்கு எண்ணெய் வச்சுவிட்டாக. அதான் பயமா இருக்கு."

"நாலு நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா."

"அவுகளை இந்த நிலைமையில தனியா விட்டுட்டா? வேணாம்க்கா. அவுக அண்ணன்கிட்ட சொல்லிப் பாக்குறேன்."

அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. கல்லறைத் திருநாள் வந்தது. அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, போன மாசம் நான் போட்ட குறிப்பு ஒன்று மனசில் வந்தது. 'படி என்று சொல்லி அடித்தால் நிரந்தர ஓய்விடம் (4)'. படி என்றால் கல், அடி என்றால் அறை. எழுதியபோது வாத்தியார்களைக் கேலி செய்கிற குறிப்பு என்று சிரித்திருக்கிறேன். அவன் அதை எப்படிப் படித்திருப்பான்? வரிசையாக எல்லாக் குறிப்புகளும் ஞாபகம் வந்தன. நிறைய சாவு இருந்தது. நிறையக் கடல் இருந்தது. யாராவது வேணும் என்று கோத்தால் கோர்வையாகத்தான் வரும்.

இனி ஆபத்து வேண்டாம் என்று அந்தச் சனிக்கிழமை நான் புதிர் போடவில்லை. குழுவில், 'இந்த வாரம் புதிர் இல்லை' என்று மட்டும் எழுதினேன். எல்லோரும் அழுகிற முகம் போட்டார்கள். நங்கூரத்திடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

'புரிந்தது.'

உடனே அவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவன் மனைவியைக் கூப்பிட்டேன். வீட்டில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை படகுகளில் சர்வீஸ் வேலை இருப்பதாகச் சொல்கிறார், வேலைக்குப் போனாலே நல்லதுதானே என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். ரத்தம் கொடுக்க வந்த பெண் ஒருத்தி, "கடக்கரையில ஒரே சண்டைக்கா. படகு ஒண்ணும் ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக்குதான் என்னமோ பண்ணிட்டானாம்" என்றாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓனரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஓடினேன்.

பட்டறை முன்னால் நாற்பது ஐம்பது பேர். டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, டீசல் ஊற்றிக் கிளம்பப் போனவர்கள். ஏழு விசைப்படகுகளின் இன்ஜின்கள் இருமக்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால், டீசலை உள்ளே பீய்ச்சுகிற நாசில் ஒன்றில்கூட இல்லை. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் அவன் சட்டையைப் பிடித்திருந்தார்.

"ஏலே, எங்கலே வச்சிருக்க? உன்னை நம்பித்தானலே படகுக்குள்ள விட்டோம்?"

அவன் கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்திருந்தான். யாரையும் எதிர்க்கவில்லை. பின்னால் பட்டறைச் சுவர் முழுக்க என்னுடைய புதிர்கள். ரெண்டு வருஷத்துப் புதிர்களையும் தாளில் எழுதி ஒட்டியிருந்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பச்சையிலும் சிவப்பிலும் கோடு. வாடை என்ற சொல்லிலிருந்து ஒரு கோடு கல்லறைக்குப் போனது, கல்லறையிலிருந்து மரணத்துக்கு. 'வடக்கிலிருந்து வரும் நாற்றம் (2)' என்று எப்போதோ நான் கேட்டதற்கு விடை அந்த வாடை. எல்லாக் கோடும் கடைசியில் வெற்றுத் தாள் ஒன்றில் போய் முடிந்தது. அது நான் புதிர் அனுப்பாத சனிக்கிழமை.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"அந்தா வந்துட்டாக. அக்காகிட்ட கேளுங்க. வாடைக் காத்து இறங்குது, போன படகு திரும்பாது. இந்த வாரக் கட்டத்தைக் காலியா விட்டுட்டாக பாருங்க. நான் பின்ன எப்படி விடுவேன்?"

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்கள், என்னிடம் கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்கள்.

"இதெல்லாம் நான் எழுதினதுதான்" என்றேன். "சொல் விளையாட்டு. பொழுதுபோக்கு. இதுல கடலைப் பத்தியும் இல்ல, படகைப் பத்தியும் இல்ல."

அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. பிறகு, எனக்காக மற்றவர்களிடம் சமாதானம் சொல்வது மாதிரி சொன்னான், "ஆளுக இருக்காகன்னு பொய் சொல்றாக. அக்காவால வெளிய சொல்ல முடியாது."

அப்போதுதான் அவன் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நண்டு கம்பெனி ஏப்ரனோடு வந்திருந்தாள். அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"விசாவுக்கு எழுதிப் போட்டது நான். உங்ககிட்ட மறைச்சது நான். அது மட்டும்தான் நெசம். மத்ததெல்லாம் உங்க தலைக்குள்ள இருக்கு. படகு திரும்பி வரும். நானும் திரும்பி வருவேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "எப்பப் போற?" என்று கேட்டான்.

"நீங்க தூங்கினப்புறம் பேசுவோம். பதினோரு நாளாச்சு நீங்க தூங்கி."

டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியை எடுத்துக் கொடுத்தான். சுத்தமான டீசலுக்குள் நாசில்கள் கிடந்தன. படகு படகாகப் பிரித்து, கம்பியில் கோத்து, ஒவ்வொன்றிலும் தகட்டில் படகு எண்ணைக் கீறியிருந்தான். சட்டையைப் பிடித்திருந்த சம்மாட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "புதுசு மாதிரி கழுவி வச்சிருக்கான்" என்றார். கையை எடுத்துவிட்டார். யாரும் அவனை அடிக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும், எங்கள் ஊரைப் பற்றி.

அன்றைக்குக் கடல் தட்டு மாதிரி கிடந்தது. மற்ற துறையிலிருந்து போன படகுகள் நல்ல மீன்பாட்டோடு திரும்பின. எனக்கு அது ஆறுதல். அவன் அண்ணன் காரில் வைத்து அவனை ராமநாதபுரத்துக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கூட்டிக்கொண்டு போனபோது, அவன் ஜன்னல் வழியே அந்தக் கடலைத்தான் பார்த்துக்கொண்டே போனான் என்று அவள் பிறகு சொன்னாள். ஒன்றும் நடக்காதது அவனுக்குப் பெரிய குழப்பமாக இருந்ததாம்.

மதுரையில் ஆறு வாரம் இருந்தான். டாக்டரை நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். என் புதிரால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். "இல்லம்மா. இந்த நோய் வர்றபோது எதையாவது பிடிச்சுக்கும். உங்க புதிர் இல்லேன்னா பஸ் நம்பர், இல்லேன்னா ரேடியோ" என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் எந்த பஸ் நம்பரும் அவனுக்கு 'நலமா' என்று எழுதியிருக்காது.

குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். புதிர் போடுவதில்லை. யாராவது அனுப்பினால் விடை கண்டுபிடிக்கப் பார்ப்பேன், முன்னைப் போல முடிவதில்லை. மேலே தெரிகிற அர்த்தம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அதைத் தாண்டி உள்ளே போகக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மதுரையிலிருந்து திரும்பி வந்ததும் அவன் முதலில் வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகுகளின் இன்ஜின்களை மட்டும் பார்த்தான். சித்திரைக்குப் பிறகு விசைப்படகுக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள், பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொள்வார். அவன் சாப்பிடுகிற மாத்திரைக்கு மாசம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். இந்த ஊரில் அதை எடுத்து மதுரைக்கு அனுப்புவது நான்தான். முதல் முறை வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு, ட்யூபில் நான் எண் எழுதுகிறபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நம்பரைப் பாக்க வேணாம்னு இருக்கேன்க்கா. பாத்தா அது என்னமோ பேசும்."

மூன்றாவது மாசம் கேட்டுவிட்டான். "அக்கா, ஒண்ணும் கோவிச்சுக்காம சொல்லுங்க. அதெல்லாம் நீங்க வச்சதா, நானா நினைச்சதா?"

பொய் சொல்லக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். "வராதே தானா அமைஞ்சது. நலமா நான் வச்சது. படகு பத்தி ஒண்ணும் வைக்கல. ரகசியம் மட்டும் எனக்கே தெரியல தம்பி. உன் வீட்டுக்காரி முந்தின நாள் இங்க வந்து போயிருந்தா. தெரியாமலே என் பேனாவுல வந்திருச்சோ என்னமோ."

பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்ப நான் முழுசாப் பைத்தியம் இல்ல" என்றான். சிரித்தானா என்று சரியாகத் தெரியவில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆடியில் அவள் குவைத் போனாள். அவன்தான் கையெழுத்துப் போட்டு, மதுரை வரைக்கும் போய் விமானம் ஏற்றிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. வாராவாரம் எனக்குப் போன் பண்ணுகிறாள். சம்பளத்தைப் பற்றியோ அங்கத்து வீட்டைப் பற்றியோ ஒன்றும் பேச மாட்டாள். "தூங்குறாகளாக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. தூங்குகிறார் என்பேன். பெரும்பாலும் அது உண்மைதான்.

போன வெள்ளிக்கிழமை அவள் கேட்டபோது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த வாரம் அவனைப் பார்க்கவே இல்லை, பட்டறை ரெண்டு நாளாகப் பூட்டியிருந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மத்தியான வெயிலில் அவன் வீட்டுக்கு நடந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போவதற்கு முன்னால் எத்தனை யோசனை ஓடியது என்று சொல்ல விரும்பவில்லை. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே, பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். பக்கத்தில் மாத்திரை டப்பாவும் சாப்பிட்ட தட்டும் இருந்தன. சுவரில் தாள் எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து நின்று கேட்டேன். அப்புறம் சத்தம் இல்லாமல் வெளியே வந்து, வாசலில் நின்றபடியே குவைத்துக்குப் போன் போட்டேன்.